ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டிய வேகம்

கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்து பார்த்த எவருக்கும் அந்த மறுநாள் காலை தெரிந்திருக்கும். முந்தைய இரவு வேகத்தைப் பத்துப் பத்து மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதனை ஓட்டி, திரை கலங்குகிற இடம்வரை போய், அங்கிருந்து கொஞ்சம் இறங்கி, இதுதான் இந்தக் கார்டு தாங்கும் அளவு என்று நிறுத்தியிருப்பார்கள். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் கார்டு பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். எங்கேயோ ஒரு 'சேவ்' பொத்தானைத் தவறவிட்டோம் என்று மெனு மெனுவாகத் தேடுவார்கள்.

தேடினாலும் கிடைக்காது. நீங்கள் வைக்கும் வேகத்தைக் குறித்துக்கொள்ளப் பெரும்பாலான கார்டுகளில் இடமே ஒதுக்கப்படவில்லை. மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கார்டிடம் அதைப் புதிதாகச் சொல்லியாக வேண்டும். ஓவர்கிளாக்கை நிரந்தரமாக்குவது என்றால், அந்தச் சொல்லும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது, எந்த நேரத்தில் சொல்லவைப்பது என்று முடிவு செய்வதுதான். அந்த முடிவில் சிப்பின் இயற்பியலும் இருக்கிறது, இயங்குதளத்தின் ஒழுங்கும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், கார்டு மறப்பதை ஏன் குறை என்று சொல்ல முடியாது என்பது புரியும்.

ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 580 கார்டை எடுத்துக்கொள்வோம். 2017 ஏப்ரலில் சந்தைக்கு வந்தது. 232 சதுர மில்லிமீட்டர் சிலிக்கான் துண்டில் 570 கோடி டிரான்சிஸ்டர்கள். அவற்றை ஒரே தாளத்தில் ஓட்டும் துடிப்பு, ஏஎம்டி குறித்த உச்ச அளவில், நொடிக்கு 134 கோடி. அதாவது 1340 மெகாஹெர்ட்ஸ்.

இந்தத் துடிப்பின் பிறப்பிடம் கார்டின் மேல் உள்ள ஒரு சிறு உலோக டப்பி. அதற்குள் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அதன் அதிர்வு மிகச் சீரானது, ஆனால் மெதுவானது. பல கார்டுகளில் 27 மெகாஹெர்ட்ஸ்தான். அதைப் பெருக்கித் தரும் சுற்றுக்கு ஃபேஸ் லாக்டு லூப் என்று பெயர், சுருக்கமாக பிஎல்எல். சிப்புக்குள்ளேயே வேகமாகத் துடிக்கும் இன்னோர் அலையியற்றி உண்டு. வேகம் இருக்கிறதே தவிர அதற்குச் சீர் கிடையாது. அதன் துடிப்பை ஓர் எண்ணால் வகுத்து, வந்த விடையைப் படிகத்தின் துடிப்போடு பிஎல்எல் ஓயாமல் ஒப்பிடுகிறது. பிந்தினால் முடுக்கும், முந்தினால் இழுத்துப் பிடிக்கும். வகுக்கும் எண் 40 என்றால் அலையியற்றி 1080 மெகாஹெர்ட்ஸில் நிலைகொள்ளும். 50 என்றால் 1350. எந்த நிரலில், எந்த ஸ்லைடரை நகர்த்தினாலும் கடைசியில் மாறுவது இப்படிப்பட்ட ஓர் எண்தான்.

அந்த எண் இருக்கும் இடம் ரெஜிஸ்டர். ஒரு பிட்டுக்குச் சில டிரான்சிஸ்டர்கள். ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகச் சுற்றி வருவதால், எழுதிய 1 அல்லது 0 தன்னைத் தானே தாங்கி நிற்கும். மின்சாரம் நின்ற கணத்தில் அந்தச் சுற்று அறுந்து, எண் கலைந்துவிடும். மறுபடி மின்சாரம் வரும்போது ரீசெட் சிக்னல் எல்லா ரெஜிஸ்டர்களையும் வடிவமைப்பாளர் தீர்மானித்த தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். மின்வெட்டு முடிந்ததும் 12:00 என்று மினுக்கும் டிஜிட்டல் கடிகாரத்துக்கு நேர்வது இதுவேதான்.

அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் அந்த எண்ணை வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆர்எக்ஸ் 580 சும்மா இருக்கும்போது 300 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். விளையாட்டைத் திறந்தால் உச்சத்துக்கு ஏறும். வெப்பம் கூடினால் படி இறங்கும். ஒரு நொடிக்குள் பலமுறை மாற வேண்டிய எண் அது. ஃபிளாஷை அழித்து எழுத மில்லிநொடிகள் ஆகும். ஓர் இடத்தைச் சுமார் ஒரு லட்சம் முறை அழித்து எழுதினால் அது தேய்ந்தும் போகும். ஓடுகிற வேகத்துக்கு ரெஜிஸ்டர்தான் சரியான வீடு.

இனி, வேகத்துக்கு ஏன் வரம்பு? 1340 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே 0.746 நானோநொடி இருக்கிறது. ஒளியே அதற்குள் 22 சென்டிமீட்டர்தான் கடக்கும். இந்த இடைவெளிக்குள் ஒரு சிக்னல் ஒரு ரெஜிஸ்டரிலிருந்து கிளம்பி, அடுக்கடுக்கான டிரான்சிஸ்டர்களைத் திறந்து மூடி, அடுத்த ரெஜிஸ்டர் வாசலில் முன்கூட்டியே வந்து நிலைத்திருக்க வேண்டும். சிப்பில் இப்படிக் கோடிக்கணக்கான பாதைகள். அவற்றில் மிக நீளமான, மிகச் சோம்பலான பாதை எதுவோ அதுதான் மொத்தச் சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும். 1400 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் இடைவெளி 0.714 நானோநொடியாகச் சுருங்கும். சுருக்கம் 0.032 நானோநொடி. அந்த அற்ப நேரம் தவறினால் 1 வர வேண்டிய இடத்தில் 0 பதிவாகும். திரையில் ஒரு முக்கோணம் தாறுமாறாக நீளும். அல்லது டிரைவர் விழும்.

ஒரே சிலிக்கான் தட்டிலிருந்து வெட்டிய இரண்டு சிப்புகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே பெயரில் விற்கும் சிப்புகளில் பலவீனமானதும், வெப்பமான பெட்டிக்குள், சில வருடம் உழைத்த பிறகும், பிசகாமல் ஓடும் அளவைத்தான் நிறுவனம் அட்டைப்பெட்டியில் அச்சிடுகிறது. உங்கள் சிப் அதைவிட நல்லதாக இருந்தால், நடுவில் உள்ள மிச்சம்தான் ஓவர்கிளாக் செய்கிறவருக்குக் கிடைப்பது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் சுறுசுறுப்பாகும், மிச்சம் பெருகும். ஆனால் செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் வேகத்துக்கும் நேர்விகிதத்தில் ஏறும். 1340-ஐ 1400 ஆக்கி, 1150 மில்லிவோல்ட்டை 1200 ஆக்கினால் வேகம் கூடியது நாலரை சதவீதம். மின்திறன் கூடியது ஏறக்குறைய 14 சதவீதம்.

நிரந்தரமாக்குவது என்று வரும்போது இந்தக் கணக்குக்குக் கூடுதல் கனம் வருகிறது. ஒரு மாலை மட்டும் ஏற்றிப் பார்க்கும் வேகம் வேறு, ஆண்டு முழுவதும் ஓடும் வேகம் வேறு. சிப்புக்குள் ஓடும் மெல்லிய உலோகக் கம்பிகளில் எலெக்ட்ரான்களின் ஓட்டம் உலோக அணுக்களையே மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். மோட்டரோலாவில் பணியாற்றிய ஜேம்ஸ் பிளாக் 1960-களின் இறுதியில் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார். மின்னோட்டத்தின் அடர்த்தி கூடினாலும் வெப்பம் கூடினாலும் கம்பியின் ஆயுள் குறையும் என்று அது சொல்கிறது. வெப்பத்தின் பங்கு அதில் அடுக்குக்குறி வேகத்தில் வருகிறது. பருவமும் கணக்கில் சேரும். மார்கழி இரவில் சோதித்துத் தேர்ந்த அளவு, கத்திரி வெயிலில் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடிய அறையில் தேறும் என்று சொல்ல முடியாது. தினமும் தானாக ஏறப்போகும் வேகத்தை, சோதனையில் கிடைத்த உச்சத்திலிருந்து ஓரிரு படி கீழே வைப்பதே முறை.

இப்போது பவர் பட்டனை அழுத்துவோம். கார்டின் ஓரத்தில் எட்டுக் கால்களோடு ஒரு சின்னச் சிப் ஒட்டியிருக்கும். அரிசி மணி நீளமும் இல்லாத அதற்குள்தான் கார்டின் சொந்தத் தொடக்க நிரலான விபயாஸ் இருக்கிறது. அந்தச் சிப் ஃபிளாஷ் நினைவகம். 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே இருவரும் முன்வைத்த மிதக்கும் வாயில் என்ற கருத்தும், டோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா 1984-இல் உலகுக்கு அறிவித்த ஃபிளாஷ் அமைப்பும் சேர்ந்து பிறந்த சாதனம். நாற்புறமும் காப்புப் பொருள் சூழ்ந்த ஒரு தீவில் எலெக்ட்ரான்களைச் சிறைவைத்தால், மின்சாரம் இல்லாமலே அவை பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும்.

மதர்போர்டின் பயாஸ் அந்த ஃபிளாஷைத் தேடி வந்து, ஐந்தைந்தாகவும் ஏ ஏவாகவும் நிற்கும் அதன் முதல் இரண்டு பைட்டுகளைப் பார்த்து, இது இயக்கத் தகுந்த நிரல்தான் என்று அறிந்து இயக்கும். திரையில் முதல் எழுத்துகள் வருவது அப்போதுதான். கார்டு இந்தக் கட்டத்தில் நிதானமான வேகத்தில் இருக்கிறது. பிறகு இயங்குதளம் எழுந்து, டிரைவரை ஏற்றும். டிரைவர் அதே விபயாஸிலிருந்து வேகம், மின்னழுத்தம், மின்திறன் வரம்பு ஆகியவை அடங்கிய அட்டவணையைப் படிக்கும். சிப்புக்குள் வேகத்தை நிர்வகிக்கவே ஒரு குட்டி நுண்செயலி இருக்கிறது. ஆர்எக்ஸ் 580-இல் அதற்கான நிரலைக்கூட ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரின் டிஸ்கிலிருந்து எடுத்து டிரைவர்தான் ஏற்றுகிறது. தன் நிர்வாகிக்கு வேண்டிய நிரலையே காலைதோறும் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் கார்டு, நேற்றிரவு நீங்கள் வைத்த எண்ணை வைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

இந்த வரிசையில் கடைசியாகப் பேசுகிறவர் சொல்வதே நிற்கும். விபயாஸ் ஒன்று சொல்லும், டிரைவர் அதற்கு மேல் எழுதும், அதற்கும் பிறகு யார் வந்து எழுதுகிறாரோ அவர் எண்ணில் கார்டு ஓடும்.

சிபியூவை ஓவர்கிளாக் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. மதர்போர்டில் பயாஸ் மெனு இருக்கிறது. நீங்கள் வைத்த அளவுகளை மின்கலத்தின் துணையோடோ ஃபிளாஷிலோ அது காத்துவைக்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் இயங்குதளம் எழுவதற்கு முன்பே சிபியூவிடம் சொல்லிவிடும். இன்னொன்றும் செய்யும்: சில முறை அடுத்தடுத்துத் தொடக்கம் தோற்றால், பல மதர்போர்டுகள் அந்த அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும். நினைவும் உண்டு, நினைவு கெடுதலானால் அதை விட்டுவிடும் ஏற்பாடும் உண்டு. கிராபிக்ஸ் கார்டில் இரண்டும் இல்லை. மெனு கிடையாது, தோல்வியை எண்ணிப் பின்வாங்கும் காவலும் கிடையாது. காவல் இல்லாத இடத்தில் மறதிதான் காவல். திரை உறைந்து போனால் பவரை அணைத்துப் போடுங்கள், கார்டு பிழைத்துக்கொள்ளும். எவ்வளவு தவறான எண்ணையும் துணிந்து எழுதிப் பார்க்க முடிவது இதனால்தான்.

லினக்ஸில் இது கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கலாம். ஆர்எக்ஸ் 580-ஐ ஓட்டும் ஏஎம்டிஜிபியூ டிரைவரில் ஓவர்டிரைவ் என்றொரு வசதி, வழக்கமாகப் பூட்டியிருக்கும். லினக்ஸின் மையமான கர்னலைத் தொடங்கும் கட்டளை வரியில் ஓர் அம்சக் குறியெண்ணைச் சேர்த்தால் திறக்கும். அந்தக் குறியெண்ணின் பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு மதிப்புள்ள பிட்தான் ஓவர்டிரைவுக்கு உரியது. திறந்தால் டிரைவர் அதைக் கர்னல் பதிவில் குறித்துவைக்கும். பிழை ஏதும் தெரிவிக்கும் முன் ஓவர்டிரைவை அணைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளும். நியாயமான வேண்டுகோள்.

திறந்ததும் கார்டின் அடைவுக்குள் ஒரு புதுக் கோப்பு தெரியும். படித்துப் பார்த்தால் 0 முதல் 7 வரை எட்டு வரிகள். பூஜ்யத்தில் 300 மெகாஹெர்ட்ஸ், ஒன்றில் 600, இரண்டில் 900, அப்படியே ஏறி, ஏழில் 1340. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மில்லிவோல்ட் அளவு. கீழே நினைவகத்தின் படிகள், அதற்கும் கீழே அனுமதித்த எல்லைகள். இந்தக் கோப்புக்குள் 'எஸ்' என்ற எழுத்து, 7 என்ற படி எண், 1400, 1150 என்று ஒரு வரி எழுதினால் ஏழாம் படி மாறும். எழுதியது உடனே செல்லாது. 'சி' என்ற ஒற்றை எழுத்தை இன்னொரு முறை எழுதினால்தான் டிரைவர் அதைச் சிப்பிடம் ஒப்படைக்கும். மனம் மாறினால் 'ஆர்'. எல்லாம் பழைய நிலைக்கு வரும். எல்லைக்கு வெளியே போகும் எண்ணை ஏற்காது. இவ்வளவு பெரிய காரியத்துக்கு இவ்வளவு எளிய முகப்பு வைத்தவர்களை நான் மெச்சுகிறேன்.

ஆனால் இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கோப்பில் எழுதினேன், படித்தால் 1400 என்று காட்டியது, மறுதொடக்கத்துக்குப் பிறகு எப்படி அழிந்தது? அது டிஸ்கில் உள்ள கோப்பே இல்லை என்பதுதான் பதில். சிஸ்எஃப்எஸ் என்ற ஏற்பாட்டில் கர்னல் தன் உள் நிலவரங்களைக் கோப்பு உருவத்தில் காட்டுகிறது. திறந்தால் டிரைவரின் ஒரு செயற்கூறு ஓடி அந்தக் கணத்தின் பதிலை எழுத்தாக்கித் தரும். எழுதினால் இன்னொரு செயற்கூறு ஓடும். கம்ப்யூட்டர் அணைந்தால் அந்தக் கோப்பும் அதைக் காட்டிய கர்னலும் சேர்ந்தே போய்விடும்.

ஆகவே அந்த இரண்டு வரிகளை, உண்மையான டிஸ்கில் உள்ள உண்மையான ஸ்கிரிப்டில் எழுதி, தொடக்கத்தில் ஒருமுறை ஓடும்படி, தொடக்க வேலைகளை நடத்தும் சிஸ்டம்டியிடம் ஒப்படைக்க வேண்டும். ரூட் அதிகாரம் இல்லாமல் எழுத முடியாது என்பதால், பயனரின் டெஸ்க்டாப் தொடக்கப் பட்டியலில் போடுவதைவிட இதுவே தோது. இதில் இரண்டு இடறல்கள் உண்டு. டிரைவர் ஏறி முடிக்கும் முன்பே ஸ்கிரிப்ட் ஓடினால் கோப்பு இருக்காது. எழுதுவது காற்றில் போகும். இரண்டாவது இடறல் இன்னும் நுட்பமானது. கார்டுகளுக்குக் கர்னல் 0, 1 என்று எண் கொடுக்கிறது. அது வந்த வரிசையில் கிடைக்கும் எண்ணே ஒழிய நிலையான பெயர் இல்லை. புதிய கர்னல்களில் தொடக்கத் திரைக்கான ஒரு தற்காலிக டிரைவர் முதலில் வந்து பூஜ்யத்தைப் பிடித்துக்கொள்வதால், உங்கள் கார்டு 1 ஆகிவிடலாம். ஆண்டுக்கணக்கில் ஓடிய ஸ்கிரிப்ட் ஒரு கர்னல் மேம்பாட்டுக்குப் பிறகு திடீரென்று வேலை செய்யாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கார்டு செருகியிருக்கும் பிசிஐ முகவரியை வைத்துப் பாதையைக் குறித்தால் இந்தக் குழப்பம் வராது. இன்னும் நேர்த்தி வேண்டுமென்றால் யூடெவ் விதி எழுதலாம்: இந்தச் சாதனம் தோன்றும் கணத்தில் இதைச் செய் என்று. நேரத்தை ஊகிக்க வேண்டியதே இல்லை.

கோர்கன்ட்ரோல், லேக்ட் போன்ற நிரல்கள் இதே வேலையைச் சன்னல் பொத்தான்களோடு செய்து தருகின்றன. பின்னணியில் ஒரு சேவை ஓடி, டிஸ்கில் உள்ள அமைப்புக் கோப்பைப் படித்து, அதே சிஸ்எஃப்எஸ் கோப்புகளில் எழுதுகிறது. இவை இல்லாமலே செய்து பார்த்தவர்களுக்கு இவற்றின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டரைத் தூங்கவைத்து எழுப்புவதையும் மறந்துவிடக் கூடாது. தூக்கத்தில் கார்டுக்கு மின்சாரம் நின்றுவிடுவதால் ரெஜிஸ்டர்களைப் பொறுத்தவரை அதுவும் ஒரு மறுதொடக்கமே. விழித்ததும் அளவுகளைத் தானே திரும்ப எழுதும் டிரைவர்களும் உண்டு, எழுதாதவையும் உண்டு. எழுதாவிட்டால் விழிப்புக்கும் ஒரு முறை ஸ்கிரிப்டை ஓட்ட ஏற்பாடு வேண்டும்.

என்விடியா கார்டுகளின் கதை வேறு மாதிரி. லினக்ஸில் நெடுங்காலம் அதற்கு வழி, எக்ஸ் சர்வரின் அமைப்புக் கோப்பில் கூல்பிட்ஸ் என்ற ஓர் எண்ணைக் குறிப்பது. விசிறிக்கு 4, வேகத்துக்கு 8, மின்னழுத்தத்துக்கு 16. மூன்றும் வேண்டுமென்றால் கூட்டி 28. அந்த எண் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். கார்டின் வேகம் அதனால் மாறாது. மாற்றும் கட்டளையை ஒவ்வொரு தொடக்கத்திலும் தனியாகத் தர வேண்டும். கூல்பிட்ஸ் எழுதிவிட்டேன், இனி நிரந்தரம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கே. அதேபோல் திரை இணைக்காத சர்வர்களில், கார்டைப் பயன்படுத்தும் கடைசி நிரல் மூடியதும் டிரைவர் கார்டின் நிலையையே கலைத்துவிடும்; மறுதொடக்கம் இல்லாமலே அளவுகள் போய்விடும். இதைத் தடுக்க பெர்சிஸ்டன்ஸ் என்ற பெயரில் ஒரு பின்னணிச் சேவையை என்விடியா தருகிறது. பெயரைப் பார்த்து மறுதொடக்கத்தையும் தாண்டும் என்று எண்ண வேண்டாம். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்வரை கார்டைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதே அதன் வேலை.

என்விடியாவில் நீங்கள் தருவது வேகம் அல்ல, வேகத்தோடு கூட்ட வேண்டிய ஓர் அளவு. 2012 மார்ச்சில் ஜிடிஎக்ஸ் 680 கார்டோடு ஜிபியூ பூஸ்ட் வந்தது. அடிப்படை வேகம் 1006, பூஸ்ட் வேகம் 1058 என்று இரண்டு எண்கள் அறிவித்தார்கள். உண்மையில் கார்டு தன் வெப்பத்தையும் மின்திறனையும் பார்த்துக் கணந்தோறும் வேகத்தைத் தானே தேர்ந்துகொள்கிறது. நீங்கள் கூட்டல் 100 என்று சொன்னால் அந்தத் தேர்வின் கோடு முழுவதும் 100 மேலே நகரும். நேற்று பார்த்த அதே எண் இன்று வராததால் அளவு அழிந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. அறை சூடாக இருந்தாலே போதும், எண் சில படிகள் இறங்கும்.

விண்டோஸில் வேலை எளிது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் நிரலில் விண்டோஸ் சின்னம் போட்ட சிறு பொத்தானை அழுத்திவைத்தால், தொடக்கத்தில் தானே எழுந்து அளவுகளைப் பொருத்தும். ஏஎம்டியின் மென்பொருள் தன் அளவுகளைத் தானே சேமித்துக்கொள்கிறது; கம்ப்யூட்டர் எதிர்பாராமல் விழுந்திருந்தால் மட்டும், பழைய அளவுகளுக்குத் திரும்பிவிட்டேன் என்று ஓர் அறிவிப்பைக் காட்டும். இதைத் தொந்தரவு என்று அலுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மதர்போர்டு பயாஸ் செய்யும் அதே காவலைத்தான் மென்பொருள் இங்கே செய்கிறது. அது அடிக்கடி வருகிறது என்றால் வைத்த அளவு அதிகம் என்று பொருள். விண்டோஸின் இன்னொரு காவல் டிடிஆர். விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது. கார்டு 2 நொடிக்கு மேல் பதில் தராமல் நின்றால், விண்டோஸ் டிரைவரையும் கார்டையும் மீட்டமைத்துவிடும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். அதன் பிறகு கார்டு ஓடுவது ஓவர்கிளாக் வேகத்தில் இல்லாமல் போகலாம். மறுதொடக்கம் செய்யாமலே வேகம் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இயங்குதளத்தையே நம்பாமல், கார்டின் எட்டுக்கால் ஃபிளாஷிலேயே புதிய அட்டவணையை எழுதிவிடுவது இன்னொரு வழி. மெய்யான நிரந்தரம் அதுதான். எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் வேகம் கூடவே வரும். இதற்கு ஒரு பொற்காலம் இருந்தது. 2010 டிசம்பரில் வந்த ரேடியான் எச்டி 6950-இல் ஷேடர்கள் எனும் கணக்கிடும் அலகுகள் 1408 இயங்கின. அதன் அண்ணன் 6970-இல் 1536. இரண்டும் ஒரே சிப். தம்பிக்கு அண்ணனின் விபயாஸை எழுதினால் பூட்டியிருந்த ஷேடர்கள் பல கார்டுகளில் உயிர்பெற்றன. அந்தக் கார்டில் இரண்டு விபயாஸ்களும் நடுவே ஒரு சிறு சுவிட்சும் இருந்ததால், எழுதியது தவறானால் சுவிட்சைத் தள்ளித் தப்பிக்க முடிந்தது.

பிறகு, கார்டுகளை ஓட்டி எதீரியம் என்ற மின்னாணயத்தை ஈட்டும் மைனிங் வந்தது. ஆர்எக்ஸ் 480, 580 கார்டுகளின் விபயாஸைத் திறந்து, நினைவகத்தின் மெதுவேகப் படிக்கு உரிய இறுக்கமான நேர அளவுகளை வேகமான படிகளுக்கு நகலெடுத்துப் போடுவது மைனர்களிடையே வழக்கமானது. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங்கைக் கைவிட்டதும் அந்தக் கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்து குவிந்தன. செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் எழுதிய ஓவர்கிளாக் இன்னும் அந்த ஃபிளாஷில் இருக்கலாம். கார்டு காரணமில்லாமல் தடுமாறினால், அதே மாடலின் அசல் விபயாஸைத் தேடி எழுதிப் பார்ப்பது முதல் வைத்தியம்.

என்விடியாவின் பாஸ்கல், ஏஎம்டியின் வேகா தலைமுறைகளோடு இந்தக் கதவு ஏறக்குறைய மூடியது. விபயாஸில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து சரியாக இல்லாவிட்டால் கார்டு ஏற்பதில்லை. திருட்டுத்தனமாக மாற்றிய விபயாஸோடு கார்டுகள் வேறு மாடல் பெயரில் விற்கப்படுவதைத் தடுக்க அது உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் கார்டின் அட்டவணையைத் திருத்தும் உரிமை இல்லாமல் போனது இழப்புதான். லினக்ஸுக்குத் திறந்த மூல டிரைவர் எழுதும் நூவோ குழுவினர் இந்தக் கையெழுத்துப் பூட்டினால், கார்டைச் சாதாரண வேகத்துக்குக்கூட ஏற்ற முடியாமல் வருடக்கணக்கில் தவித்தார்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், நிரந்தரமாக்கும் முன் நினைவகத்தைத் தனியாகச் சோதித்துவிடுவது அவசியம். ஜிடிடிஆர்5 வகை நினைவகம் முதலே தரவுத் தடத்தில் பிழையைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது; 2020-இல் வந்த ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகளில் பிழைபட்ட தரவு தானாகவே மறுபடி அனுப்பப்படுகிறது. அதனால் அளவுக்கு மீறி ஏற்றிய நினைவகம் கார்டை விழவைக்காது. சத்தமில்லாமல் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். எண் ஏறியிருக்கும், விளையாட்டின் வேகம் இறங்கியிருக்கும். விழவில்லை என்பதை வைத்து மட்டும் ஓர் அளவைத் தொடக்க ஸ்கிரிப்டில் ஏற்றினால் வருடம் முழுவதும் நஷ்டத்தில் ஓடும். ஒவ்வொரு படியிலும் வேகத்தை அளந்து, ஏறுவது நின்ற இடத்துக்குக் கீழே நிற்க வேண்டும்.

தவறான அளவு தொடக்க ஸ்கிரிப்டுக்குள் போய்விட்டால், கார்டின் மறதி இனி உதவாது. அணைத்துப் போட்டால் ஸ்கிரிப்டும் கூடவே எழுந்து அதே தவறைச் சொல்லும். அதற்கு முன்கூட்டியே வழி வைத்துக்கொள்ளலாம். தொடங்கி ஓரிரு நிமிடம் கழிந்தபின் ஸ்கிரிப்ட் ஓடும்படி தாமதம் வைத்தால், உள்ளே நுழைந்து அதை நிறுத்த அவகாசம் கிடைக்கும். விண்டோஸில் சேஃப் மோடில் நுழைந்தால் கார்டின் டிரைவருக்குப் பதில் அடிப்படை டிரைவர் ஓடும். ஆஃப்டர்பர்னரை அங்கிருந்து தொடக்கப் பட்டியலை விட்டு நீக்கலாம். லினக்ஸில் இன்னும் சுலபம். கர்னலுக்கு முன் வரும் கிரப் திரையில் 'ஈ' எழுத்தை அழுத்தி, கர்னல் வரியிலிருந்து ஓவர்டிரைவ் குறியெண்ணை அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும் நீக்கினால் போதும். ஓவர்டிரைவ் கோப்பே தோன்றாது. ஸ்கிரிப்ட் எழுத இடமில்லாமல் பிழை காட்டி முடியும். கார்டு அசல் வேகத்தில் எழும்.

எல்லாம் பொருத்திய பிறகு ஒரு சரிபார்ப்பு. கம்ப்யூட்டரை முழுக்க அணைத்து, மின் இணைப்பையும் சற்று நேரம் துண்டித்து, மறுபடி போடுங்கள். ஓவர்டிரைவ் கோப்பைப் படித்தால் ஏழாம் படியில் 1400 இருக்க வேண்டும். ஆனால் அது டிரைவரிடம் சொன்னது என்ன என்பதைத்தான் காட்டும். அதே அடைவில் கார்டின் நடப்பு வேகத்தைக் காட்டும் இன்னொரு கோப்பு உண்டு. அதிலும் எட்டு வரிகள். இப்போது எந்தப் படியில் ஓடுகிறதோ அந்த வரியின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி. கம்ப்யூட்டர் சும்மா இருக்கையில் குறி 300-இன் பக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கனமான விளையாட்டு ஒன்றைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பைப் படியுங்கள். குறி ஏழாம் வரிக்கு ஏறியிருந்து, அந்த வரியில் 1400 என்று இருந்தால், ஸ்கிரிப்ட் தன் வேலையைச் செய்திருக்கிறது.